ஆங்கில அரசியல் சொற்களுக்கு லித்துவேனிய இணைகளைக் கண்டறிவது எப்படி?

ஆங்கிலம் வழியாக லித்துவேனிய மொழியைக் கற்பவர்கள் அன்றாடப் பேச்சை ஓரளவு எட்டிப் பிடித்துவிட்டாலும், செய்தியின் அரசியல் பகுதிக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். அகராதி ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று இணைகளை வரிசையாகத் தந்துவிட்டு, எது எங்கே பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஆகவே சொல்லுக்குச் சொல் தேடும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும். ஆங்கிலச் சொல் அந்த இடத்தில் எந்த அமைப்பைச் சுட்டுகிறது, அங்கே அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே, அந்த அமைப்புக்கு லித்துவேனியர் வழங்கும் பெயரைத் தேட வேண்டும்.

தொடங்க ஏற்ற இடம், 1992 அக்டோபர் 25 அன்று பொது வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட லித்துவேனிய அரசியலமைப்புச் சட்டம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் எளிதில் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஆங்கிலத்தில் தளர்வாகப் புழங்கும் சொற்கள் லித்துவேனிய மொழியில் எவ்வளவு இறுக்கமாகப் பிரிந்து நிற்கின்றன என்பது சில பிரிவுகளிலேயே விளங்கிவிடும். குறிப்பேட்டில் எழுதும்போது லித்துவேனிய எழுத்துகளையே பயன்படுத்துங்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் 'த' என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு நிற்க நேர்கிறது, புள்ளியும் வால்களும் காணாமல் போகின்றன. நம் பழைய எழுத்துமுறையில் எகரத்தின் மேல் இட்ட புள்ளி குறிலைக் காட்டியது. லித்துவேனிய எழுத்திலோ அந்தப் புள்ளி நெடிலைக் காட்டுகிறது. உயிரெழுத்தின் கீழ் வளையும் வாலும் இன்று நீட்டத்தையே குறிக்கிறது, மூக்கொலியை அல்ல. இக்கட்டுரையில் தமிழ் எழுத்தில் தந்திருப்பவை உச்சரிப்புக்கு நெருக்கமான வடிவங்கள் மட்டுமே.

முதலில் 'கவர்ன்மென்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மிகுதியான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. அரசியலமைப்பின் 5-ஆம் பிரிவு, அரசின் அதிகாரத்தைச் செய்மஸ் என்ற நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவரும் வீரியௌஸீபேயும் நீதிமன்றமும் செலுத்துகின்றன என்கிறது. இந்த ஒரே வாக்கியத்தில் 'வல்ஜா' என்ற சொல் அதிகாரம் முழுவதையும் குறிக்க, 'வீரியௌஸீபே' அதன் ஒரு பங்காளியை மட்டும், அதாவது பிரதமரும் அமைச்சர்களும் அடங்கிய அமைச்சரவையை மட்டும், குறிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்குமே 'கவர்ன்மென்ட்' என்று எழுதிவிடுவார்கள். எனவே ஆங்கிலச் செய்தி ஒரு குறிப்பிட்ட முடிவை எடுத்த அமைச்சரவையைப் பேசினால் 'வீரியௌஸீபே'. ஆட்சியில் இருப்பவர்கள் எல்லோரையும் பொதுவாகச் சுட்டி ஒருவர் குறைப்பட்டுக்கொண்டால் 'வல்ஜா'. 'ஸ்டேட்' என்பதற்கு 'வல்ஸ்தீபே' என்ற தனிச்சொல் உண்டு. அமைச்சரவை மாறினாலும் அது மாறுவதில்லை. 'கேபினட்' என்ற ஒலியைக் கேட்டதும் 'கபினேதஸ்' என்று எழுதிவிடாதீர்கள். அமைச்சர்களைப் பற்றிய அடைமொழி இல்லாமல் தனியே நின்றால் அது பெரும்பாலும் ஓர் அலுவலக அறைதான்.

நாடாளுமன்றத்தைச் செய்மஸ் என்றே எழுத வேண்டும். அதில் 141 உறுப்பினர்கள். 71 பேர் தனித் தொகுதிகளிலிருந்தும், 70 பேர் நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்ட கட்சிப் பட்டியல்களிலிருந்தும் நான்காண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். உறுப்பினர் ஆணானால் 'செய்மோ நரீஸ்', பெண்ணானால் 'செய்மோ நரே'. நம் 'உறுப்பினர்', 'அமைச்சர்' போன்ற பொதுவடிவம் அங்கே இல்லை என்பதால், ஒருவரைப் பற்றி எழுதும் முன் அவர் ஆணா பெண்ணா என்பதைத் தெரிந்துகொண்டாக வேண்டும். 2009 முதல் 2019 வரை குடியரசுத் தலைவராக இருந்த தாலியா கிரீபௌஸ்கைதே 'பிரெஸிதெந்தே'. 2020 முதல் 2024 வரை பிரதமராக இருந்த இங்க்ரிதா ஷிமொனீதே 'மினிஸ்த்ரே பிர்மினின்கே'. இரண்டாவதில் இரு சொற்களுமே பெண்பால் ஈற்றைப் பெறுவதைக் கவனியுங்கள். நாளிதழ்களில் 'பிரெம்யெரஸ்', 'பிரெம்யெரே' என்ற சுருக்கமே அதிகம் வரும்.

இந்தப் 'பிர்மினின்கஸ்' என்ற சொல்லைச் சற்று நின்று கற்பது நல்லது. 'பிர்மஸ்' என்றால் முதலாவது. அதிலிருந்து வந்த இச்சொல், முதல் என்பதிலிருந்து நமக்கு முதல்வர் கிடைத்ததைப் போன்றே அமைந்தது. நாட்டின் தலைவர் 'பிரெஸிதெந்தஸ்'. ஓர் அவைக்கோ ஆணையத்துக்கோ கட்சிக்கோ நீதிமன்றத்துக்கோ தலைமை தாங்குபவர் 'பிர்மினின்கஸ்'. ஆங்கிலம் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரையும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் தலைவரையும் 'பிரசிடென்ட்' என்கிறது. லித்துவேனிய மொழியில் அவர்கள் பிர்மினின்கஸ் அல்லது பிர்மினின்கே மட்டுமே. ஆங்கிலத்தில் 'ஸ்பீக்கர்' எனப்படும் அவைத்தலைவரும் 'செய்மோ பிர்மினின்கஸ்'தான். விளையாட்டுக் கூட்டமைப்புகளும் சில சங்கங்களும் தங்கள் தலைவரைப் பிரெஸிதெந்தஸ் என்று அழைப்பது உண்டு என்றாலும், அரசியல் அமைப்புகளில் மேற்சொன்ன பிரிவினை உறுதியானது.

ஐரோப்பிய அமைப்புகளின் பெயர்களில் ஆங்கிலத்தைவிட லித்துவேனிய மொழி தெளிவாகப் பேசுகிறது என்பதே என் கருத்து. ஆங்கிலத்தில் 'கவுன்சில்' என்ற சொல்லோடு முடிச்சுப்போட்டுக் கிடக்கும் மூன்று அமைப்புகள் உள்ளன. நாட்டுத் தலைவர்கள் கூடும் பேரவை 'எவுரோபோஸ் வதோவூ தரீபா'. நடுவில் நிற்கும் 'வதோவூ' தலைவர்களுடைய என்று பொருள்படுவதால், யார் கூடுகிறார்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. துறை அமைச்சர்கள் கூடுவது 'எவுரோபோஸ் ஸாயுங்கோஸ் தரீபா', அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் அவை. ஸ்த்ராஸ்பூர்கில் இருப்பதும், ஒன்றியத்தின் உறுப்பாக இல்லாததும், லித்துவேனியா 1993-இல் சேர்ந்ததுமான அமைப்பு வெறும் 'எவுரோபோஸ் தரீபா'. ஆங்கில மூலத்தில் ஐயம் வந்தால், கூட்டத்துக்குப் போனவர் யார் என்று பாருங்கள்: லித்துவேனியாவின் சார்பில் குடியரசுத் தலைவர் போயிருந்தால் அது வதோவூ தரீபா, அமைச்சர் போயிருந்தால் அநேகமாக ஒன்றியத்தின் தரீபா.

'லா' என்ற ஆங்கிலச் சொல்லும் இரண்டாகப் பிரியும். அவை நிறைவேற்றும் தனிச் சட்டம் 'ஈஸ்தாதீமஸ்'. சட்டம் என்ற முழு ஒழுங்கும், உரிமை என்ற கருத்தும் 'தெய்ஸே'. மனித உரிமைகளைப் பேசும்போது வருவது தெய்ஸேயின் பன்மைதான். சட்டமுன்வடிவை 'ஈஸ்தாதீமோ ப்ரொயெக்தஸ்' என்பார்கள். இங்கே மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்கடி இடறும் சொல் 'ரெசல்யூஷன்'. ஒலி ஒத்திருப்பதால் 'ரெஸொலியுத்ஸியா' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அமைச்சரவை பிறப்பிக்கும் கட்டுப்படுத்தும் தீர்மானத்தின் பெயர் 'நுதரிமஸ்'. அதே நுதரிமஸ் அரசியலமைப்பு நீதிமன்றத்திலிருந்து வந்தால் அது தீர்ப்பு. ஆகவே ஆவணத்தின் தலைப்பில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் பெயரை மாற்றாதீர்கள். குடியரசுத் தலைவர் பிறப்பிப்பது 'தெக்ரேதஸ்', அமைச்சர் பிறப்பிப்பது 'ஈஸகீமஸ்'.

'இம்பீச்மென்ட்' என்பதற்கு இணை 'அப்கல்தா'. ஆனாலும் இரண்டும் ஒரே தூரம் செல்வதில்லை. அமெரிக்காவில் கீழவை குற்றம் சுமத்துவதோடு அந்தச் சொல்லின் வேலை முடிகிறது. பதவி நீக்கம் மேலவையின் தனி வாக்கெடுப்பு. லித்துவேனியாவில் ஒரே அவைதான் உண்டு என்பதால், அப்கல்தா என்பது குற்றச்சாட்டில் தொடங்கி, அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முடிவைப் பெற்று, செய்மஸின் வாக்கெடுப்பில் முடியும் முழு நடைமுறை. பதவி நீக்கத்துக்கு மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர், அதாவது குறைந்தது 85 பேர், வாக்களிக்க வேண்டும். ரோலாந்தஸ் பாக்ஸஸ் 2004 ஏப்ரல் 6 அன்று இவ்வழியில்தான் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அமெரிக்கச் செய்தியை லித்துவேனிய மொழிக்குக் கொண்டுசெல்லும்போது, குற்றம் சுமத்தப்பட்ட அதிபர் பதவியிலிருந்து நீக்கப்படவில்லை என்பதைத் தனியே ஒரு தொடரில் சொல்லாவிட்டால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்ள இடமுண்டு.

படிக்கவோ வேலை பார்க்கவோ அந்நாட்டுக்குச் செல்பவருக்கு நேரடியாகப் பயன்படும் சொல் 'நேஷனாலிட்டி'. ஆங்கிலப் படிவத்தில் இது பெரும்பாலும் குடியுரிமையைக் கேட்கிறது. அதற்கு இணை 'பிலியெதீபே'. ஒலியையும் பொருளையும் மேலோட்டமாகப் பார்த்து 'தௌதீபே' என்று எழுதினால், நீங்கள் எந்த இனத்தவர் என்ற கேள்விக்கு விடை சொன்னதாகிவிடும். தலைநகர் வில்னியுஸில் பிறந்து வளர்ந்த ஒரு போலந்து இனத்தவர் பிலியெதீபேயால் லித்துவேனியர், தௌதீபேயால் போலந்தியர். இரண்டும் ஒருங்கே உண்மை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர் முதல் கேள்விக்கு இந்தியா என்றும் இரண்டாவதற்குத் தமிழர் என்றும் எழுதலாம். அரசியலமைப்பின் 2-ஆம் பிரிவு இறையாண்மை 'தௌதா'வுக்கே உரியது என்கிறது. அங்கே அச்சொல் பேரெழுத்தில் தொடங்கி நாட்டு மக்கள் அனைவரையும் ஒரு குடியாகச் சுட்டுகிறது.

தேர்தல் சொற்களில் இத்தனை சிக்கல் இல்லை. 'ரின்கிமை' என்ற தேர்தல் எப்போதும் பன்மையிலேயே வரும். 'பல்ஸஸ்' என்றால் குரல், வாக்கு இரண்டும். பேச்சையும் ஓட்டையும் வாக்கு என்றே சொல்லும் நமக்கு இதில் வியப்பில்லை. தொகுதி 'அபீகர்தா', அதற்குள் அமையும் வாக்குப்பதிவு வட்டாரம் 'அபீலின்கே'. கட்சி வென்ற இடங்களைச் செய்திகள் 'மன்தாதஸ்' என்று எண்ணும். கட்சிகளைப் பொறுத்தவரை, ஆங்கிலச் செய்தியில் 'கன்சர்வேட்டிவ்' என வருவது தாயக ஒன்றியம் என்ற கட்சியின் வழக்குப்பெயரே என்பதையும், 'லிபரல்' என்பது அங்கே அமெரிக்காவில் போல இடதுசாரியைக் குறிக்காமல் சந்தைச் சுதந்திரத்தை ஆதரிப்பவரைக் குறிக்கிறது என்பதையும் நினைவில் வைத்தால் போதும்.

சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யாமல் தொடராகவே எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் அங்கே பெயர்ச்சொல் ஏழு வேற்றுமைகளில் உருமாறும். நிதியமைச்சர் 'ஃபினன்ஸூ மினிஸ்த்ரஸ்'; இதில் முதற்சொல் ஆறாம் வேற்றுமைப் பன்மை. உடைமையைக் குறிக்கும் சொல் தமிழில் போலவே முன்னால் நிற்பதால், ஆங்கிலத்தின் தலைகீழ் வரிசையை விட்டுவிட்டுத் தமிழ் வரிசையில் சிந்தித்தால் தொடர் தானாக அமையும். பாதுகாப்பு அமைச்சர் 'க்ராஷ்தோ அப்ஸௌகோஸ் மினிஸ்த்ரஸ்', நாட்டுக் காப்பின் அமைச்சர்.

சுதந்திரத்தைப் பற்றி எழுதும்போது 'நெப்ரிக்லௌஸொமீபே' என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். 1918 பிப்ரவரி 16 அன்று அறிவிக்கப்பட்ட நாடு, ஆக்கிரமிப்பால் இடையில் அழிந்துபோகவில்லை என்பது லித்துவேனியரின் சட்ட நிலைப்பாடு. எனவே 1990 மார்ச் 11 அன்று நடந்ததை அவர்கள் 'அத்கூரிமஸ்', மீட்டமைத்தல், என்கிறார்கள். ஆங்கில மூலம் சோவியத் ஒன்றியத்திடமிருந்து விடுதலை பெற்றது என்று சொன்னாலும், லித்துவேனிய வாக்கியத்தில் அத்கூரிமஸ் இடம்பெற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் எஞ்சினால், அரசு மொழி ஆணையம் பராமரிக்கும் சொல்வங்கியில் தேடலாம். 2004 மே 1 முதல் லித்துவேனிய மொழி ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவல் மொழி என்பதால், ஒன்றியத்தின் சட்டத் தளத்தில் எந்தச் சட்டத்தையும் ஆங்கிலமும் லித்துவேனியமும் அருகருகே தெரியுமாறு திறந்து, ஒரே பத்தியில் இரு சொற்களும் எப்படி ஆளப்பட்டிருக்கின்றன என்று ஒப்பிட முடியும். சட்ட நடை கைவந்தபின், பொது ஒலிபரப்பு நிறுவனமான எல்ஆர்டியின் லித்துவேனியச் செய்தியையும் அதே நிகழ்வு குறித்த அதன் ஆங்கிலச் செய்தியையும் எடுத்து, முதலில் லித்துவேனிய வடிவத்தைப் படித்துச் சொற்களைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகு ஆங்கிலத்தைத் திறந்து சரிபாருங்கள்.