முதல் லார்ப்புக்குக் கிளம்புமுன்: புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

லார்ப், அதாவது வேடம் கட்டி ஒரு கதாபாத்திரமாகவே நேரில் ஆடும் ஆட்டம், அந்த நிகழ்வு ஒன்றுக்குப் பெயர் கொடுத்தவர் அடுத்துச் செய்யும் காரியம் பெரும்பாலும் வாள் தேடுவதுதான். ஆசை நியாயமானது. ஆனால் இரண்டு நாள் நடக்கும் நிகழ்வில் அந்த வாளை ஓங்கும் நேரத்தை மொத்தமாகக் கூட்டினாலும் சொற்பம்தான். மற்ற நேரமெல்லாம் நடப்பீர்கள், நிற்பீர்கள், முன்பின் தெரியாதவர்களிடம் வேறொரு ஆளாகப் பேசுவீர்கள், ஈரப் புல்லில் உட்கார்ந்து எதற்காகவோ காத்திருப்பீர்கள். புதியவர்கள் ஒரு புகைப்படத்துக்குத் தயாராகிவிட்டு, இரண்டு நாள் பிழைப்புக்குத் தயாராகாமல் வந்து நிற்கிறார்கள். முக்கால்வாசித் தவறுகள் இதிலிருந்து கிளைப்பவைதான்.

எல்லா லார்ப்பும் ஒன்றுதான் என்ற நினைப்பு

மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் ரோல்பிளே ஆட்டத்தை, எழுந்து வேடம் கட்டி நேரடியாக ஆடினால் அது லார்ப். இது ஒரே ஊற்றிலிருந்து வந்ததல்ல. அமெரிக்காவில் 1977இல் தொடங்கிய டாகோர்ஹிர் என்ற ஆட்டத்தில் சண்டைதான் பிரதானம். இங்கிலாந்தில் 1982இல் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் தொடங்கிய ட்ரெஷர் டிராப், நிலவறைக்குள் புகுந்து அரக்கர்களை எதிர்கொள்ளும் பாணி. நார்டிக் நாடுகளிலோ, கதாபாத்திரம் உள்ளுக்குள் என்ன உணர்கிறது என்பதற்கு முதலிடம் தரும் மரபு வளர்ந்தது. ஜெர்மனியின் மித்தோடியா மாதிரி, ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டு ஆடும் கோடைக்காலப் பெருநிகழ்வுகளும் உண்டு.

ஆகவே ஒரு வீடியோவில் பார்த்த விதி நீங்கள் போகும் இடத்தில் செல்லுபடியாகும் என்று நம்பிப் போகக் கூடாது. ஓர் ஆட்டத்தில் கையில் அடிபட்டால் அந்தக் கையையே பயன்படுத்த முடியாது. இன்னொன்றில் அடிக்கு ஒரு புள்ளி குறையும், அவ்வளவுதான். ஓரிடத்தில் மந்திரம் என்றால் பறவைத் தீனி நிரப்பிய சின்னத் துணிப்பொட்டலத்தை எதிராளி மேல் எறிய வேண்டும். வேறிடத்தில் விரலை நீட்டி வசனம் சொன்னாலே போதும்.

விதிநூலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடிபட்டால் என்ன ஆகும், விழுந்தால் எவ்வளவு நேரம் கிடக்க வேண்டும், ஆட்டத்துக்கு வெளியே இருப்பதைக் காட்ட என்ன சைகை, ஆட்டத்தை உடனே நிறுத்த என்ன சொல் என்ற நான்கும் தெரிந்தால் முதல் நாளை ஓட்டிவிடலாம். கடைசியில் சொன்னதை மட்டும் யாரிடமாவது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அமெரிக்க ஆட்டங்கள் பலவற்றில் யாராவது ‘ஹோல்ட்’ என்று கத்தினால் அத்தனை பேரும் இருந்த இடத்திலேயே ஆட்டத்தை நிறுத்தி ஒரு முழங்காலில் அமர்வார்கள்; யாருக்கோ நிஜமாகவே ஆபத்து என்று பொருள். பிரிட்டனில் சில ஆட்டங்களில் ‘டைம் ஃப்ரீஸ்’ என்றால் கண்ணை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனக வேண்டும், ஏற்பாட்டாளர்கள் செய்யும் மாற்றம் கண்ணிலும் காதிலும் படாமல் இருப்பதற்காக. நிஜக் காயம் என்றால் அங்கே குரலே வேறு, ‘மேன் டவுன்’. இரண்டையும் குழப்பிக்கொண்டு, காலைப் பிசகிக்கொண்டு விழுந்தவருக்குப் பக்கத்தில் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்?

வாளும் கவசமும்

சரி, வாளுக்கு வருவோம். லார்ப் வாள் என்பது ஃபைபர்கிளாஸ் போன்ற பொருளால் ஆன ஒரு கம்பியைச் சுற்றி ஃபோம், அதன் மேல் லேட்டக்ஸ் என்ற ரப்பர் பூச்சு. வெட்டுவது போல வீசத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. குத்தினால் உள்ளே இருக்கும் கம்பி ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே வரலாம். அதனால்தான் குத்துவதற்கென்றே செய்த ஆயுதம் தவிர மற்றவற்றால் குத்தக் கூடாது என்று பல இடங்களில் தடை. வாளின் முனையைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்து நிற்பதும் இதே காரணத்தால்தான் கெடுதல். படத்துக்கு அது அருமையான போஸ், வாளுக்கு எமன். வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலும் வாளைப் போட்டு வைக்காதீர்கள், லேட்டக்ஸ் பாழாகிவிடும்.

நிகழ்வுக்கு வந்ததும் ஆயுதச் சோதனை இருக்கும். போன மாதம் வேறோர் இடத்தில் தேறிய வாள் இங்கே தள்ளுபடி ஆகலாம். சோதிப்பவரோடு வாதாடாதீர்கள். வீட்டிலேயே பைப்பும் டேப்பும் வைத்துச் செய்யும் எண்ணம் இருந்தால், அந்தக் குழு அதை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். முதல் நிகழ்வுக்கு இரவல் வாளே போதும் என்பது என் கட்சி. உங்கள் கதாபாத்திரம் கடைசியில் வைத்தியராகவோ வியாபாரியாகவோ மாறி, வாள் இடுப்பிலேயே கிடந்துவிடவும் கூடும்.

அடிக்கும் முறையையும் வீட்டிலேயே ஒரு நண்பரோடு அரை மணி நேரம் பழகிக்கொண்டு போங்கள். தோளிலிருந்து முழு வேகத்தில் வீசக் கூடாது. முழங்கையிலிருந்து வீசி, படுகிற கணத்தில் வேகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். தலை, கழுத்து, இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களுக்கும் நடுவே என்று இவை கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் தடை செய்யப்பட்ட இலக்குகள்.

எஃகு வளையச் சட்டை ஒன்று சாதாரணமாகவே 10 கிலோவைத் தாண்டும். அத்தனையும் தோளில் தொங்கினால் மாலைக்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டி, சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்து விட்டால் பாதி பாரம் இடுப்புக்குப் போய்விடும். எந்த வேடமானாலும் கிளம்புமுன் வீட்டில் முழுசாக மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். மாடிப்படி ஏறுங்கள், தரையில் உட்கார்ந்து எழுங்கள், கழிப்பறைக்கும் போய்ப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஆறு வாரும் ஒன்பது கொக்கியும் வைத்துத் தைத்த அழகான கவசம் அந்த இடத்தில்தான் தோற்கும்.

காசை எதில் கொட்டுவது

செருப்பில், அதாவது ஷூவில். கணுக்காலைப் பிடித்து நிற்கும், ஏற்கெனவே காலுக்குப் பழகிய பழுப்போ கறுப்போ ஒரு பூட்ஸ் இருந்தால் போதும். அதன் மேல் துணிப்பட்டி சுற்றிக்கொண்டால் காலத்துக்குப் பொருந்தாதது யார் கண்ணையும் உறுத்தாது. நிகழ்வுக்கென்று புதிதாக வாங்கிய பளபளப்பான தோல் பூட்ஸ் மதியத்துக்குள் கொப்புளம் போட்டுவிடும். காலுறை கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

துணியில் பருத்தி, லினன், கம்பளி நல்லவை. மலிவான பாலியஸ்டர் அங்கி தூரத்தில் பார்க்க ராஜ களை. கணப்பு நெருப்பின் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். தரையைப் பெருக்கும் நீளத்தில் அங்கி வேண்டாம், பின்னால் வருபவர் மிதிப்பார். இரவுக்கு உள்ளே ஓர் அடுக்கு கூட இருக்கட்டும். இடுப்பில் ஒரு துணிப்பை இருந்தால் மருந்து, சாவி, கண்ணாடி எல்லாம் அதில் அடங்கும்.

எல்ஃப் (கதைகளில் வரும் கூர்காது இனம்) காது ஒட்டுவதாக இருந்தால், அந்தப் பசையை முந்தைய நாளே முன்கையின் உட்புறத்தில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் காது மட்டும் பிரச்சினை இல்லை, எதிரில் வரும் ஒவ்வொரு வாளும் பிரச்சினைதான். ஏற்பாட்டாளர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதினைந்து பக்கப் பின்னணிக் கதை

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான், உண்மையான உழைப்பு வீணாகிறதே என்று. குடும்பத்தை அரக்கர்கள் கொன்றுவிட்டார்கள், ஊர் எரிந்துவிட்டது, யாரையும் நம்பாத மௌனமான கொலையாளி, முகத்தை மறைக்கும் முக்காடு. எழுதும்போது இனிக்கும். ஆடும்போது அந்த ஆள் ஒரு மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்து, யாராவது வந்து தன் மர்மத்தைக் கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்களும் அவரைத் தனியாக விடுவதே மரியாதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கத்தில், மற்றவர்களிடம் போய்க் கேட்டால்தான் கிடைக்கும் ஒரு தேவை இருக்க வேண்டும். தம்பி பட்ட கடனுக்கு ஒரு போலிக் கடிதத்தோடு வந்திருக்கிறீர்கள். அதில் உள்ள முத்திரையை யாராவது நிஜம் என்று சாட்சி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை. ஆனால் காலையிலிருந்து எழுத்தர், பிரபு, கள்ளக் கையெழுத்துக்காரன் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பேசியாக வேண்டும். ரகசியத்தைப் பற்றியும் ஒன்று: யாருக்கும் தெரியாமல் கடைசிவரை காப்பாற்றிய ரகசியத்தால் ஆட்டத்துக்குப் பயனில்லை. மதியத்துக்குள் யாரிடமாவது உளறிவிடுங்கள்.

பெயர் சின்னதாக இருக்கட்டும். மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட முடியாத பெயர் இரண்டு மணி நேரத்தில் ‘டேய் எல்ஃபு’ ஆகிவிடும். ஏற்கெனவே உள்ள ஒரு குழுவில் சேர்த்துவிடச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள், தனியாகப் போய் நிற்பதைவிட எவ்வளவோ மேல். அதற்கும் கூச்சமா? என்.பி.சி.யாக, அதாவது ஏற்பாட்டாளர்கள் சொல்லும் அரக்கனாகவோ தூதுவனாகவோ போகலாம். பல இடங்களில் கட்டணம் குறைவு, வேடத்தையும் அவர்களே தருவார்கள், செத்துச் செத்து எழுந்து வருவதில் சண்டையும் நன்றாகப் பழகிவிடும்.

ஆட்டத்துக்குள்

அடி படவில்லை என்று வாதாடுபவரோடு யாரும் மறுபடி ஆட விரும்ப மாட்டார்கள். நடுவர் எல்லா இடத்திலும் இருக்க முடியாது, பட்டவர் தானாகவே ஒத்துக்கொள்வதில்தான் எல்லாம் ஓடுகிறது. சந்தேகம் வந்தால் பட்டது என்றே வைத்துக்கொண்டு விழுங்கள், நன்றாக அலறி விழுங்கள். தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். காலையில் உங்கள் கதாபாத்திரம் யாரையாவது கேவலமாகத் திட்டியிருந்தால், ஆட்டம் முடிந்ததும் அந்த மனிதரைத் தேடிப் போய் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுங்கள். கதாபாத்திரத்தின் கோபம் ஆளுக்குள் கசிவது உண்மையிலேயே நடக்கும், உங்களுக்கும் சேர்த்து.

தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், இரண்டு இரவு சரியாகத் தூங்காமல், முடிந்த கையோடு நெடுந்தூரம் வண்டி ஓட்டாதீர்கள். யாராவது கூட வந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டுக்குப் போனதும் கூடாரத்தையும் வாளையும் உறையிலிருந்து எடுத்துக் காயப் போடுங்கள். அலுப்பில் அப்படியே விட்டால் அடுத்த மாதம் பூஞ்சை வாசம்தான்.