அப்டேட் வரும் நேரத்தை நாமே குறிப்போம்: வீட்டுக் கணினி வைத்திருப்போருக்கு

ஒக்டோபர் பிறந்துவிட்டால் திருகோணமலையில் பின்னேர வானத்தை நம்ப முடியாது. நான்கு மணிக்குக் கருக்கட்டி, ஐந்து மணிக்கு இடி முழங்கி, உவர்மலைப் பக்கம் மின்சாரம் போய்ப் போய் வருவது நாம் எல்லோரும் பழகிய விடயம். அப்படியான ஒரு பின்னேரம், இடி கேட்டு எங்கள் வீட்டுக் கணினியை அணைக்கப் போனபோது, அப்டேட் நடப்பதாகவும் அணைக்க வேண்டாம் என்றும் திரையில் எழுதியிருந்தது. கணக்கு நூற்றுக்கு முப்பதில் நின்றது. இரண்டாவது இடியோடு மின்சாரம் போயிற்று. கணினி அன்று தப்பிவிட்டது. ஆனாலும் அதற்குள் இருந்த பத்து வருடப் படங்களை நினைத்து வீட்டில் ஒருவரும் அன்றிரவு சரியாக உறங்கவில்லை. அந்த இரவு இன்னொரு வீட்டுக்கு வராமல் இருப்பதற்கு என்ன செய்யலாம் என்பதை, விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் ஹோம் பதிப்பை மனதில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

அப்டேட்டை அடியோடு நிறுத்திவிடும் எண்ணம் பலருக்கு வருகிறது; அதற்கான குறுக்கு வழிகளும் புழக்கத்தில் உள்ளன. அவற்றைச் செய்ய வேண்டாம். 2017 மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய வன்னாக்ரை என்ற தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை சத்திரசிகிச்சைகளைக்கூட ஒத்திவைக்க நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதே ஆண்டு மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. அகப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அந்தத் திருத்தம் போடப்படாத கணினிகள்.

இப்படிச் சொல்வதால் மக்களின் கோபத்தை அறியாமை என்று நான் தள்ளவில்லை. 2016இல் விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களின் திரையில், விண்டோஸ் 10க்கு மாறும்படி கேட்கும் பெட்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கற்குறியை அழுத்தி மூடியவர்கள் தாம் மறுத்துவிட்டதாக நினைத்தார்கள். கணினியோ அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாமல், குறித்த நேரத்தில் மாறத் தொடங்கியது. அது எல்லை மீறிய செயல் என்று அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் தலைவரே பின்னர் ஒப்புக்கொண்டார். பணம் கொடுத்து வாங்கி நம் மேசையில் வைத்திருக்கும் பொருள் எந்த நேரத்தில் தன் வேலையை நிறுத்த வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானிப்பது முறையல்ல. அந்த நேரத்தை நம் கைக்குக் கொண்டுவருவதற்குரிய ஆளிகள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. அவை கண்ணில் படாத இடங்களில் இருப்பதுதான் குறை.

மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணி என்பது நமக்கு அன்றிரவு 10.30, அங்கே குளிர்காலமானால் 11.30. ஆகவே புதன்கிழமைதான் அது நம் வீடுகளுக்கு வந்து சேரும் நாள். நாட்காட்டியில் அந்தச் செவ்வாயைக் குறித்து வைத்து, அன்று பின்னேரம் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், 'போஸ் அப்டேட்ஸ்' என்பதில் இரண்டு வாரம் எனத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 11இல் ஐந்து வாரம் வரையும், விண்டோஸ் 10இல் 35 நாள் வரையும் தள்ளிவைக்க இடமுண்டு. திருத்தத்தில் பழுது இருந்தால் அது முதல் வாரத்திலேயே உலகெங்கும் வெளிப்பட்டுவிடும். பிறகு பன்னிரண்டாம் நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில், வானம் வெளித்திருந்தால், 'ரிசியூம்' என்பதை அழுத்தி நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே வேலையை முடித்துவிடலாம். அதே பக்கத்தில், புதிய அப்டேட்டுகள் கிடைத்தவுடனேயே தரும்படி கேட்கும் ஆளி ஒன்று உண்டு. அதை அணைத்து வையுங்கள். மாதக் கடைசியில் 'பிரிவியூ' என்ற பெயரோடு வருபவை விருப்பத்துக்குரியவை. அவற்றை வீட்டுக் கணினி தொட வேண்டியதில்லை.

'அக்டிவ் அவர்ஸ்' என்பது கணினி தானாக மறுதொடக்கம் செய்யக் கூடாத நேரம். அதிகபட்சம் 18 மணித்தியாலம் கொடுக்கலாம். காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை என நீங்களே அமைத்துவிடுங்கள்.

அடுத்தது டேட்டா. எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ வீடுகளில் கணினிக்கு இணையம் கைபேசியின் ஹொட்ஸ்பொட்டிலிருந்துதான் வருகிறது. மாதாந்தத் திருத்தம் சில நூறு மெகாபைட்டிலிருந்து ஒரு ஜிகாபைட்டைத் தாண்டியும் இருக்கக்கூடும். விண்டோஸ் 11க்கு முழுதாக மாறுவதென்றால் 5 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். பிள்ளையின் இணையவழி வகுப்புக்குப் போட்ட டேட்டாவை இது விழுங்கிவிடுவது பணக் கஷ்டம் மட்டுமல்ல. அந்த வகுப்பும் போய்விடுகிறது. ஆகவே செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குச் சென்று, நீங்கள் பாவிக்கும் வைபை இணைப்பின் பெயரைத் திறந்து, 'மீட்டர்ட் கனெக்சன்' என்பதை இயக்குங்கள். அதன் பிறகு விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்டுகளைத் தானாக இறக்காமல் உங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும். விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' பக்கத்திலும், மீட்டர் இணைப்பில் இறக்க அனுமதிக்கும் ஆளி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பின்னர் தனி டேட்டா உண்டென்றால், அந்த நேரத்தில் இறக்கிவைத்து, நிறுவுவதைக் காலைக்கு விடலாம். வீட்டில் இரண்டு கணினிகள் இருந்தால், 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' என்ற இடத்தில் உள்ளக வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒன்று இறக்கியதை மற்றது அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும், வெளியாருக்கு உங்கள் டேட்டா செலவாகாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, இறக்குவது வேறு, நிறுவுவது வேறு என்பதை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். இறக்கும்போது மின்சாரம் போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. வந்த பிறகு அது தொடரும். மறுதொடக்கத்தின்போது திரையில் வீதக் கணக்கு ஓடும் கட்டமே ஆபத்தானது, ஏனெனில் அப்போதுதான் இயங்குதளத்தின் சொந்தக் கோப்புகள் மாற்றப்படுகின்றன. இடையில் அறுந்தால் விண்டோஸ் பெரும்பாலும் மாற்றங்களைத் திருப்பிப் பழைய நிலைக்குப் போக முயலும். எப்போதும் வெற்றி பெறும் என்று சொல்வதற்கில்லை. வீட்டு யூ.பி.எஸ். சில நிமிடங்களே தாங்கும். அது கணினியை ஒழுங்காக அணைப்பதற்கான அவகாசம், அப்டேட்டை முடிப்பதற்கானது அல்ல. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பின்னேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். லப்டொப் என்றால் பற்றரியை நிரப்பி, சார்ஜரையும் செருகி வையுங்கள். கணக்கு ஒரே எண்ணில் நின்றால் பொத்தானை அழுத்திப் பிடிக்காமல் இரண்டு மணித்தியாலமாவது பொறுங்கள். வன்தட்டு விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும் வரை உள்ளே வேலை நடக்கிறது.

பிரதி எடுத்து வைப்பதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், சிலரே செய்கிறார்கள். 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி வெளியான விண்டோஸ் 10இன் பெரிய அப்டேட் சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டதால், மைக்ரோசொப்ட் அதைச் சில நாட்களிலேயே நிறுத்தி, நவம்பர் 13ஆம் திகதிதான் மீண்டும் வெளியிட்டது. அதே வன்தட்டின் டி பகுதியில் வைத்திருப்பது பிரதி ஆகாது. தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். வெளி வன்தட்டு ஒன்றில் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி அலுமாரியில் வையுங்கள்.

நம்மவர்கள் மறந்துபோகும் ஒன்று எழுத்துரு. என் சின்னம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்களையும் கோவில் திருவிழா அறிவித்தல்களையும் பல வருடங்களாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அப்டேட் ஒன்றுக்குப் பிறகு கணினி மந்தமாகிவிட்டதென்று ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் கேட்காமலே எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். கோப்புகள் பென்ட்ரைவில் பத்திரமாக இருந்தன. திறந்தால் வரிக்கு வரி ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். "தம்பி, என்ட எழுத்தெல்லாம் போயிட்டுது" என்று தொலைபேசியில் அவர் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. எழுத்து எங்கும் போகவில்லை. பாமினி ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துரு அல்ல. ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தது. அந்த எழுத்துருவை மீண்டும் நிறுவியதும் வினாத்தாள்கள் முன்போலவே வந்தன. ஆகவே சி பகுதியில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'பொன்ட்ஸ்' கோப்புறையிலிருந்து பாமினி முதலானவற்றை எடுத்து, ஆவணங்களுடன் சேர்த்து வையுங்கள். இனி எழுதுபவற்றை ஒருங்குறியிலேயே எழுதுவது நல்லது. கடையில் கொடுப்பதாக இருந்தால், கேட்காமல் எதையும் அழிக்கக் கூடாது என்று எழுதியே கொடுங்கள்.

புதிய கணினி வாங்கியவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 11 பல கணினிகளில் வன்தட்டைத் தானாகவே மறையாக்கம் செய்து பூட்டுகிறது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் திறக்கும்போதே 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றன. உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கும். இன்றே அதைத் தேடி ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மற்றது ஒன்டிரைவ், அதாவது கோப்புகளை இணையத்தில் (மேகத்தில்) வைக்கும் மைக்ரோசொப்டின் சேவை. நீங்கள் தெளிவாகச் சம்மதிக்காமலே டெஸ்க்டொப், டொக்கியூமென்ட்ஸ் கோப்புறைகளை அது மேகத்துக்கு ஏற்றத் தொடங்கக்கூடும். இலவச இடம் 5 ஜிகாபைட் மட்டுமே. ஏற்றுவதற்குச் செலவாவது உங்கள் டேட்டா. வேண்டாமென்றால் ஒன்டிரைவின் செட்டிங்ஸில் 'பக்கப்' பகுதியில் ஒவ்வொரு கோப்புறையாக நிறுத்தலாம். நிறுத்துமுன் கோப்புகள் கணினியிலும் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள்.

அப்டேட்டுக்குப் பின் அச்சுப்பொறியோ ஒலியோ வேலை செய்யவில்லை என்றால், 'அப்டேட் ஹிஸ்டரி' பக்கத்தின் அடியில் நிறுவியதை நீக்கும் வழி உண்டு. ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்கு மாறியிருந்தால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம்; அதுவரை 'விண்டோஸ் ஓல்ட்' கோப்புறையை, இடம் போதவில்லை என்று அழித்துவிடாதீர்கள்.

கடைசியாக, பழைய கணினி வைத்திருப்போர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் (புரொசெசர்) வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை இந்த வரம்பு குப்பைக்கு அனுப்பப் பார்க்கிறது. நாம் அதற்கு உடனே இணங்க வேண்டியதில்லை. சில கணினிகளில் டி.பி.எம். இருந்தும் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புப் பக்கத்தில்) அணைந்து கிடக்கும். அதை இயக்கினாலே போதும். செயலி பழையதென்றால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீடித்த பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பதியும் இணைப்பைத் தேடுங்கள். மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைப் பிரதி எடுக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. இல்லையேல் 30 அமெரிக்க டொலர். இது 2026 ஒக்டோபர் 13 வரை செல்லும்.

அதற்குப் பிறகு அந்தக் கணினிக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸ் மின்ட் என்ற, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அதன் 22ஆம் பதிப்புத் தொடருக்கு 2029 வரை திருத்தங்கள் வரும். 4 ஜிகாபைட் நினைவகம் இருந்தால் போதும். நிறுவாமலே 8 ஜிகாபைட் பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, வைபையும் அச்சுப்பொறியும் வேலை செய்கின்றனவா என்று சோதிக்கலாம். அதனோடு வரும் லிப்ரே ஒபிஸ் என்ற எழுத்து மென்பொருள் உங்கள் வேர்ட் கோப்புகளைத் திறக்கும். அட்டவணைகள் சில சற்று நகரக்கூடும். கணக்கியல் மென்பொருள் போன்று விண்டோஸில் மட்டும் ஓடுபவை உங்களுக்கு இருந்தால் இந்த வழி ஒத்துவராது. அப்டேட் வந்தால் பணிப்பட்டையில் சிறிய குறியாகக் காட்டிவிட்டு, நீங்கள் அழுத்தும் வரை லினக்ஸ் மின்ட் காத்திருக்கும். பாமினியை அங்கும் நிறுவலாம்: எழுத்துருக் கோப்பை இரண்டு முறை சொடுக்கி, 'இன்ஸ்டோல்' என்பதை அழுத்துங்கள்.