கார்டு இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை: பழைய கேம் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சாரல் சமயம் ஆரியங்காவிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் செங்கோட்டையில் இருக்கும் என் கடைக்கு வந்தான். மழைக்கோட்டுக்குள் லேப்டாப். "அண்ணாச்சி, கிராஃபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு, புதுசு போட எவ்வளவு ஆகும்?" என்றான்.

"எத வச்சு தம்பி சொல்லுத?"

"கேம் கார்டே இல்லைங்குது. விண்டோஸையும் ரெண்டு தடவ அழிச்சுப் போட்டுட்டேன்."

கேம், அவன் அக்கா காலத்து சிம்ஸ் 3. லேப்டாப்பில் இருந்தது என்விடியா ஜிடிஎக்ஸ் 1050. பத்து நிமிஷம் பார்த்தேன், கார்டுக்கு ஒரு கேடும் இல்லை. கார்டு செத்துப்போச்சு என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெரும்பாலான லேப்டாப்களில் கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றி மாற்ற முடியாது. "கார்டு போச்சு" என்று நீங்களே சொல்லிக்கொண்டு கடைக்குப் போனால், போர்டையே மாற்றுகிற செலவில் போய் நிற்கும்.

இன்றைய லேப்டாப் பலவற்றில் இரண்டு கிராஃபிக்ஸ் உண்டு. பிராசசருக்குள் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் ஒன்று, தனியாக என்விடியா போன்ற கார்டு இன்னொன்று. வேலைக்குத் தக்கபடி தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஆப்டிமஸ் என்ற ஏற்பாட்டை என்விடியா 2010-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு எழுதப்பட்ட கேம்களில் பல, விண்டோஸ் முதலில் காட்டுகிற கார்டையே பிடித்துக்கொள்ளும். அந்த முதல் இடத்தில் இருப்பது பெரும்பாலும் இன்டெல்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால், கேம் எந்த கார்டில் ஓடுகிறது என்று பாருங்கள். கேமை ஓடவிட்டு ஆல்ட்-டேப் அடித்து டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். பிராசஸ் பட்டியலின் தலைப்பில் ரைட் கிளிக் செய்து 'ஜிபியூ என்ஜின்' என்பதை டிக் செய்தால், கேமுக்கு நேராக ஜிபியூ 0 அல்லது 1 என்று வரும். ஜிபியூ என்றால் கிராஃபிக்ஸ் சிப்தான். எந்த எண் எந்த கார்டு என்பது பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பெயரோடு இருக்கும். இதைப் பார்க்காமல், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழிப்பதும் போடுவதுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த தவறு, டிவைஸ் மேனேஜருக்குப் போய் இன்டெல்லை 'டிசேபிள்' செய்வது. இன்டெல் இல்லாவிட்டால் கேம் என்விடியாவிடம் போய்த்தானே ஆகவேண்டும் என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல லேப்டாப்களில் திரைக்குப் போகிற வயர் இன்டெல்லோடுதான் இணைந்திருக்கிறது. என்விடியா படத்தை வரைந்து இன்டெல்லிடம் கொடுக்கும், இன்டெல்தான் அதைத் திரையில் காட்டும். அதை அணைத்துவிட்டால் விண்டோஸ் தன் அடிப்படை டிஸ்ப்ளே டிரைவருக்கு இறங்கிவிடும், என்விடியா வரைந்த படம் திரைக்கு வர வழியே இருக்காது. திரையை எந்த கார்டோடு இணைப்பது என்று மாற்றுகிற மக்ஸ் ஸ்விட்ச் உள்ள லேப்டாப் என்றால் கதை வேறு. அங்கேகூட பெரும்பாலும் பயாஸிலோ, லேப்டாப்போடு வந்த மென்பொருளிலோதான் மாற்ற வேண்டும்.

சரியான வழி: விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ். அங்கே கேமைச் சேர்த்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' கொடுங்கள். இந்த வசதி விண்டோஸ் 10-ல் 2018 ஏப்ரல் அப்டேட்டோடு வந்தது. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான் பெரும்பாலும் கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர்தான், கேம் அல்ல. ஜிடிஏ 4-ன் பழைய பதிப்பில் லாஞ்ச்ஜிடிஏஐவி என்று ஒரு கோப்பும் ஜிடிஏஐவி என்று இன்னொரு கோப்பும் இருக்கின்றன. லாஞ்சருக்கு ஹை பெர்ஃபாமன்ஸ் கொடுத்துவிட்டு கேமை விட்டுவிட்டால், கேம் பழையபடி இன்டெல்லிலேயே ஓடலாம். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் அதன் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். அது காட்டுகிற கோப்பைத்தான் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில கேம்கள் "தெரியாத கார்டு" என்றே சொல்லும். அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க நான் சொல்கிற உதாரணம் ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியில், கொல்லம் மாவட்டத்தில் இருந்தது. தாத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு இன்றைக்குக் கொல்லத்துப் பட்டியலில் செங்கோட்டை தாலுகாவைத் தேடினால் கிடைக்காது. நிலம் என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது. சிம்ஸ் 3 வந்தது 2009-ல், ஜிடிஎக்ஸ் 1050 லேப்டாப்களுக்கு வந்தது 2017-ல். கேம் தனக்குள் வைத்திருக்கும் கார்டுப் பட்டியலில் அதன் பெயர் எப்படி இருக்கும்?

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் சிம்ஸ் 3 எழுதிவைக்கும் டிவைஸ்கான்ஃபிக் லாக் கோப்பைத் திறந்து அவனுக்குக் காட்டினேன். டிரைவர் சொன்ன பெயர் ஜிடிஎக்ஸ் 1050 என்று சரியாகவே இருந்தது. பக்கத்திலேயே 'ஃபவுண்ட் 0, மேட்ச்டு 0', அதாவது பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. கொஞ்சம் கீழே, 'டெக்ஸ்சர் மெமரி 32 எம்பி, ஓவர்ரைடு'. 4 ஜிபி மெமரி உள்ள கார்டை 32 எம்பி என்று எழுதி வைத்திருந்தது. எந்தக் காரணத்தாலோ மெமரி 0 என்று வந்தால் 32 என்று வைத்துக்கொள் என்று அதன் விதிக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது. பழைய கேம்களுக்கு இந்த மெமரிக் கணக்கு பொதுவாகவே தடுமாறும். 32 பிட் எண்ணில் அடங்கும் உச்சம் 4,29,49,67,295. சரியாக 4 ஜிபி என்பது அதைவிட ஒரு பைட் கூடுதல். அப்படியே அதில் போட்டால் திரும்ப 0-க்கு வந்துவிடும்.

தீர்வு, பட்டியலில் நாமே பெயர் எழுதுவது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போனால் இரண்டு குறியீடுகள் தெரியும். 10டிஇ என்பது என்விடியா, அடுத்தது கார்டு. அவனுடையது 1சி8டி. கேமின் பின் ஃபோல்டரில் உள்ள கிராஃபிக்ஸ்கார்ட்ஸ் கோப்பில், என்விடியா பகுதியில், மற்ற வரிகள் எப்படி இருக்கின்றனவோ அதே வடிவத்தில் ஒரு வரி சேர்த்தோம். கிராஃபிக்ஸ்ரூல்ஸ் கோப்பில் அந்த 32-ஐ 1024 ஆக்கினோம்.

இங்கே கை தவறுகிற இடங்கள் மூன்று. அசலை நகல் எடுத்து வைக்காமல் திருத்துவது முதலாவது, அது வேண்டவே வேண்டாம். ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் கோப்பை அங்கேயே திறந்து திருத்தினால் விண்டோஸ் சேமிக்கவிடாது. டெஸ்க்டாப்பில் நகல் வைத்துத் திருத்தி, அட்மின் அனுமதி கொடுத்துத் திரும்ப ஒட்டுங்கள். மூன்றாவது, நோட்பேடில் புதுப் பெயரில் சேமிக்கும்போது கடைசியில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்வது. கேம் அந்தக் கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது, நாம் "திருத்தியும் வரலையே" என்று உட்கார்ந்திருப்போம்.

டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பைக் காணோம் என்று எரர் வந்தால், அந்த ஒரு கோப்பைக் கண்ட தளத்திலிருந்து இறக்கவே கூடாது. அதில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸில் இருந்தாலும் இந்தப் பழைய கோப்புகள் கூடவே வருவதில்லை. மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் ரன்டைம் போட்டால் எல்லாம் மொத்தமாக வந்துவிடும்.

இன்னும் பழைய கேம்களுக்கு டிஜிவூடூ என்ற மென்பொருள் நல்ல துணை. பழைய கார்டு ஒன்றின் பெயரை அது கேமுக்குச் சொல்லும். அதன் டிஎல்எல்களை சிஸ்டம்32-ல் போடாதீர்கள். கேமின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில் போடுங்கள், 32 பிட் கேமுக்கு எக்ஸ்86 ஃபோல்டரில் உள்ளவற்றை.

சிடியில் வாங்கிய கேம் திறக்கவே இல்லை என்றால், கார்டின் மேல் பழி போடுவதற்கு முன், நகல் எடுக்கவிடாமல் தடுக்கிற சிடி பாதுகாப்பைச் சந்தேகியுங்கள். சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பின் டிரைவரை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. அப்படிப்பட்ட கேமில் கிராஃபிக்ஸ் செட்டிங் எதை மாற்றினாலும் ஒன்றும் நடக்காது.

பையனின் லாக் கோப்பில் ஃபவுண்ட் 1, மேட்ச்டு 1 என்று வந்ததும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நல்லா ஓடுது. ஆனா ஃபேன் கத்துது, அடுப்பு மாதிரி சுடுது. கரண்ட் போனா திக்குது."

காற்றடிக்கிற மாதத்தில் மலைப்பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் கார்டின் வேகத்தைத் தானே குறைத்துவிடும், அது பழுதல்ல. சூட்டுக்குக் காரணம் வேறு. கார்டு இன்னதென்று தெரிந்துகொண்ட பழைய கேம், கட்டுப்பாடு இல்லாமல் நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃப்ரேம், அதாவது படம், வரைய ஆரம்பித்துவிடும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் அந்தக் கேமுக்கு மட்டும் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' 60 வைக்கச் சொன்னேன், பேட்டரியில் விளையாடும்போது 30. லைனில் இருந்தபடியே மாற்றினான். ஃபேன் சத்தம் அடங்குவது எனக்கு ஃபோனிலேயே கேட்டது.