படிப்பு, மனநலம், குடிமைப் பொறுப்பு: மூன்றையும் ஒரே பாடத்துக்குள் பிணைப்பது எப்படி?

உயர்கல்வி நிறுவனங்கள் பலவற்றில் பாடம் நடத்துவதைத் துறைகள் பார்த்துக்கொள்கின்றன, மாணவர்களின் மனநலத்தை ஆலோசனை மையம் பார்த்துக்கொள்கிறது, சமூகப் பணியை விடுமுறை நாள்களில் கூடும் தன்னார்வக் குழு பார்த்துக்கொள்கிறது. ஆனால், எதற்காகப் படிக்கிறோம் என்று தெரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பவரும், அந்தச் சலிப்பு முற்றி மனம் சோர்பவரும், வெளியே நடப்பதற்கும் தமக்கும் தொடர்பில்லை என்று ஒதுங்கிக்கொள்பவரும் பல நேரங்களில் ஒரே மாணவர்தான். அவரை மூன்று அலுவலகங்களும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் ஏதுமில்லை. ஆசிரியர் மட்டும் வாரந்தோறும் சந்திக்கிறார். ஆகவே ஒரு பருவம், ஒரு பாடம், மதிப்பெண் உள்ள ஒரு கள வேலை என்ற அளவில் தொடங்க விரும்பும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன்.

மூன்றும் எங்கே சந்திக்கின்றன என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சமூகவியலாளர் கோரி கீஸ் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நோய் இல்லாமையை மட்டும் மனநலம் என்று கொள்ளாமல், உணர்வு நலன், உளவியல் நலன், சமூக நலன் ஆகிய மூன்றையும் சேர்த்து அளந்தார். ‘நானும் சமூகத்துக்கு ஏதோ அளிக்கிறேன்’ என்ற எண்ணம் அதில் ஓர் அளவுகோல். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்கள், தானே தெரிவு செய்யும் உரிமை, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் கிடைக்கும்போதுதான் மனிதர் உள்ளிருந்து எழும் ஆர்வத்தோடு செயல்படுகிறார் என்று பல ஆண்டுகளாகக் காட்டிவந்திருக்கிறார்கள். நல்ல ஒப்படைப்பு ஒன்றை வடிவமைப்பவர் கையில் இந்த மூன்றும் இருக்கின்றன. துறைத்தலைவர் தேர்ச்சி விகிதத்தைப் பற்றிக் கவலைப்பட்டால், 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வைக் காட்டலாம்: அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளை ஒப்பிட்டபோது, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 33.8 விழுக்காட்டினர் தோல்வியுற்றனர். மாணவர்கள் ஈடுபட்டுக் கற்ற வகுப்புகளில் அது 21.8 விழுக்காடாக இருந்தது.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைச் செய்வதற்கு என் பாடம் தெரிந்திருக்க வேண்டுமா? தேவையில்லை என்றால் அது நல்ல தொண்டாக இருக்கலாம், பாடத்தின் பகுதியாக ஆகாது. புள்ளியியல் மாணவர்கள் ஒரு பொது மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் சுவருக்கு வெள்ளையடிப்பதால் புள்ளியியல் வளராது. அங்கே நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்து கொடுத்தால் வளரும். பருவம் தொடங்கக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே அந்த இடத்துக்கு நேரில் சென்று, நீங்கள் செய்ய நினைப்பதைச் சொல்வதற்கு முன், அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது என்ன என்று கேளுங்கள். எந்தக் கேள்விக்கு விடை, யாரிடம், எந்தத் தேதிக்குள், யாருடைய விவரங்களை வெளியிடக் கூடாது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருதரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பக்கம் இல்லாததால் பாதியில் நின்ற முயற்சிகள் ஏராளம்.

அடுத்தது சுமை. மனநலத்தைப் பேணும் நோக்கத்தோடு தொடங்கிய திட்டமே, ஏற்கெனவே உள்ள தேர்வுகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் மேல் இன்னொன்றாக ஏறி உட்கார்ந்தால், மாணவரின் தூக்கத்தைத்தான் பறிக்கும். எனவே கள வேலையைச் சேர்க்கும்போது அதே அளவு மதிப்பெண்ணும் நேரமும் உள்ள ஒன்றை நீக்கியே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள் போதும். ஒவ்வொரு குழுவும் இரண்டு மூன்று கேள்விகளிலிருந்து ஒன்றைத் தானே தெரிவு செய்யட்டும். வேலைக்குப் போகும் மாணவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் களத்துக்குப் போகாமல் பங்களிக்கும் பொறுப்புகளை முதல் வாரத்திலேயே வகுத்துவிடுங்கள்.

மூன்று இழைகளையும் உண்மையில் முடிச்சுப் போடுவது, வாரந்தோறும் எழுதும் களக்குறிப்பு. அனுபவம் தானாகப் பாடம் ஆவதில்லை; பட்டறிவு, அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து கருத்தாக்கம், மீண்டும் செய்து பார்த்தல் என்ற சுழற்சியை டேவிட் கோல்ப் 1984-இல் விளக்கினார். பெரும்பாலான வகுப்புகளில் இரண்டாவது படிதான் விட்டுப்போகிறது. மேலே சொன்னதுபோல ஒரு பொது மருத்துவமனையில் காத்திருப்பு நேரத்தை அளக்கப் போன என் மாணவர் ஒருவர், திரும்பிய முதல் வாரத்தில் எழுதியது இவ்வளவுதான்: “மூன்று மணி நேரம் நின்றோம். டோக்கன் நேரத்தையும் மருத்துவரைப் பார்த்த நேரத்தையும் குறித்தோம். சராசரி எடுத்தோம்.” அதன் ஓரத்தில் நான் ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: உங்கள் கணக்கில் வராதவர்கள் யார்? அடுத்த வாரம், வகுப்பில் வாய் திறக்காத அதே மாணவர், வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு டோக்கன் வாங்காமலேயே திரும்பிப் போனவர்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கைக்குழந்தையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போன ஒரு தாயை அவர் கவனித்திருந்தார். அவரைப் போன்றவர்கள் விடுபட்டதால் தங்கள் சராசரி உண்மையான சிரமத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்றும் எழுதியிருந்தார். தெரிவுச் சார்பு, அதாவது சிலர் கணக்கில் விடுபடுவதால் முடிவு ஒருபக்கம் சாய்வது, என்ற பாடத்தை நான் பலகையில் நடத்தியபோது அவர் வெறுமனே குறிப்பெடுத்தவர். இப்போது அது அவருடைய கண்டுபிடிப்பாகவும், பொதுச் சேவை யாரைச் சென்றடையவில்லை என்ற குடிமைக் கேள்வியாகவும், குழு அவரைத் தேடி வந்து விளக்கம் கேட்கும் காரணமாகவும் ஆகிவிட்டது.

ஆகவே ஓரக் கேள்விகளை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். ‘எப்படி உணர்ந்தீர்கள்?’ என்பதை விட, ‘எது உங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது?’, ‘இந்த நிலை இப்படியே இருக்க யாருடைய முடிவு காரணம்?’, ‘உங்களோடு உடன்படாதவர் இதை எப்படி விளக்குவார்?’ போன்றவை சிந்தனையைத் தூண்டும். மதிப்பெண் சிந்தனையின் ஆழத்துக்கும் பாடக் கருத்தைப் பயன்படுத்திய விதத்துக்கும்தான். சொந்த வாழ்க்கையைத் திறந்து காட்டியதற்காக யாருக்கும் மதிப்பெண் கூடக் கூடாது, காட்டாததற்காகக் குறையவும் கூடாது. கட்சி சார்ந்த முடிவு எதையும் வகுப்பின் முடிவாக ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் கடமை.

குறிப்புகளைப் படிக்கும்போது எப்போதாவது, வாழ்வதில் பிடிப்பற்ற ஒரு வரி கண்ணில் படும். அன்றைக்கே அந்த மாணவரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். நீங்களே சிகிச்சை அளிக்க முயலாமல், அவர் சம்மதித்தால் ஆலோசனை மையம் வரை கூடவே நடந்து செல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சம்மதத்துக்குக் காத்திராமல் உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

பலனை அறிய, முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் அதே ஐந்தாறு கேள்விகளைப் பெயர் குறிப்பிடாமல் கேட்டால் போதும்: இந்த வகுப்பில் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா, நான் கற்பது யாருக்காவது பயன்படுமா, பொது விஷயத்தில் என் பேச்சுக்கு இடமுண்டா என்பன போன்றவை.

கடைசி வாரத்தில் மாணவர்களே சென்று, கண்டறிந்ததையும் கண்டறிய முடியாததையும் கேள்வி கேட்டவர்களிடம் நேரில் சொல்ல வேண்டும். அங்கே எழும் புதிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வாங்கி, அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே கொடுங்கள்.