சீலியாக் நோயுடன் ஊருக்குப் போவோர் மண்ணீரலையும் கவனிக்க வேண்டும்

கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயுள்ளவர்கள் ஊருக்குப் புறப்படும்போது சாப்பாட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அது நியாயம்தான், யாழ்ப்பாணத்தில் இடியப்பமும் புட்டும் கோதுமை மாவிலும் அவிக்கப்படுகின்றன, கடைப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். ஆனால் பெரியவர்களான இந்நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மண்ணீரலின் செயற்பாடு குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுவது பலருக்குச் சொல்லப்படுவதே இல்லை.

நியூமோகாக்கஸ் போன்ற, உறை போர்த்திய பாக்டீரியாக்களை இரத்தத்திலிருந்து வடித்தெடுப்பது மண்ணீரலே. அது சோர்ந்திருந்தால், நிமோனியாவோ மூளையுறை அழற்சியோ இரத்தத் தொற்றோ சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாக முற்றக்கூடும். நோய் தெரியாமல் நெடுங்காலம் கோதுமை உண்டவர்களுக்கும், வயது முதிர்ந்தபின் நோய் கண்டறியப்பட்டவர்களுக்கும் இது கூடுதலாகக் காணப்படுகிறது, குழந்தைகளுக்கு அரிது. இரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசி நுண்காட்டியில் பார்க்கும் இரத்தப் பூச்சுச் சோதனையில், வழக்கமாக மண்ணீரல் அகற்றிவிடும் ஹோவெல்-ஜாலி துணிக்கைகள் (சிவப்பணுக்களில் எஞ்சிய கருத் துண்டுகள்) தெரிந்தால் அது முக்கியமான தடயம். தெரியாததால் மட்டும் மண்ணீரல் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

ஆகவே பயணச்சீட்டு வாங்கும்போதே மருத்துவரைப் பாருங்கள். நியூமோகாக்கஸ் தடுப்பூசியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோபிலஸ் இன்புளுவென்சா பி என்னும் பாக்டீரியா), இன்புளுவென்சா (சளிக்காய்ச்சல் வைரஸ்) தடுப்பூசிகள் தேவையா என்பதையும் கேளுங்கள். இவற்றைப் புறப்படுவதற்குக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016இல் சான்று பெற்றது. இந்தியாவில் மலேரியா இன்னும் இருப்பதால், அங்கே செல்வோர் தடுப்பு மாத்திரை பற்றியும் விசாரிக்க வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது ஊரில் வரும் காய்ச்சலைத்தான். "தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை, பனடோலைப் போட்டுட்டுப் படு" என்று உறவினர் அன்போடு சொல்வார்கள்; மருத்துவமனையிலும் முதலில் டெங்குவை நினைத்து, இரத்தத்தட்டு எண்ணிக்கையைப் பார்த்துக் காத்திருக்கக்கூடும். மண்ணீரல் செயல் குறைந்தவர் அப்படிக் காத்திருக்கலாகாது. 38 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்கள் நிலையையும், தாமதமின்றி நுண்ணுயிர்க்கொல்லி தேவை என்பதையும், உங்களுக்கு ஒவ்வாத மருந்துகளையும் குறிப்பிடும் மருத்துவரின் கடிதம் கையில் இருக்கட்டும். மருத்துவர் இசைந்தால், அவசரத்துக்கான மாத்திரைகளையும் அவரிடமே எழுதி வாங்கிச் செல்லுங்கள். ஆனால் அவற்றை விழுங்கிவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது.

நாய் கடித்தால் விசர்நாய்த் தடுப்பூசியோடு விஷயம் முடிந்துவிடாது. நாயின் வாயிலுள்ள கேப்னோசைட்டோபாகா என்னும் பாக்டீரியா இத்தகையவர்களுக்குக் கடுமையான இரத்தத் தொற்றை உண்டாக்கக்கூடும் என்பதால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவியபின், மண்ணீரல் குறைபாட்டைச் சொல்லி, நுண்ணுயிர்க்கொல்லியும் வேண்டுமா என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.