கல்ச்சர் அறிக்கையைப் படிப்பது எப்படி

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் கல்ச்சர் அறிக்கை (உடலிலிருந்து எடுத்த மாதிரியில் எந்தக் கிருமி வளர்கிறது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று சொல்லும் பரிசோதனை முடிவு) கைக்கு வந்ததும், மருந்துக்குக் கட்டுப்படாததைக் குறிக்கும் ‘ஆர்’ என்ற எழுத்து வரிசையாக நிற்பதைக் கண்டு குடும்பத்தார் கலங்கிப்போவது இயல்பு. ஆனால், முதலில் பார்க்க வேண்டியது மாதிரி எங்கிருந்து, எந்த நாளில் எடுக்கப்பட்டது என்ற வரியைத்தான்.

இரத்தத்தில் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்திருந்தால் அது தொற்று. உடனே சிகிச்சை வேண்டும். அதே கிருமி, பல நாளாகக் குழாய் பொருத்தியிருப்பவரின் சிறுநீரிலோ வென்டிலேட்டர் குழாயிலிருந்து உறிஞ்சிய சளியிலோ வளர்ந்திருந்தால், நோய் உண்டாக்காமல் வெறுமனே குடியேறியிருக்கவும் கூடும். காய்ச்சல் முதலிய அறிகுறிகள் இல்லாதபோது அதற்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால், மருந்துக்கு மடியும் கிருமிகள் அழிந்து, மடியாதவை பெருக இடம் கிடைத்துவிடும். ஆகவே, “இது தொற்றா, குடியேற்றமா?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். என் கருத்தில், அறிக்கையை வைத்துக்கொண்டு கேட்கக்கூடிய கேள்விகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

அடுத்தது மருந்துப் பட்டியல். ‘எஸ்’ என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும். ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது. ‘ஐ’ இடைநிலை, அதை முடிவு செய்வது மருத்துவர் பொறுப்பு. பக்கத்திலுள்ள எண்கள், கிருமியின் வளர்ச்சியைத் தடுக்க அந்தந்த மருந்து குறைந்தது எவ்வளவு வேண்டும் என்பதைக் காட்டுபவை; அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 1 என்றிருந்து ‘ஆர்’ எனவும், அமிக்காசினுக்கு 4 என்றிருந்து ‘எஸ்’ எனவும் அச்சாகியிருந்தால் அது பிழையன்று. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லை வேறு.

கடும் தொற்றுகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கான மெரோபெனமுக்கு ‘ஆர்’ என்றிருந்தால் கூடுதல் கவனம் தேவை. என்டிஎம் போன்ற நொதிகளைச் சுரக்கும் கிருமிகள் அம்மருந்தைச் சிதைத்துவிடுவதோடு, அந்த நொதிக்கான மரபணுவை பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் வழியாக வேறு வகைக் கிருமிகளுக்கும் கைமாற்றிவிடக்கூடியவை. அவை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் பெரும்பாலும் நம் கைகள் வழியாகவே போகின்றன. நோயாளியைத் தொடுவதற்கு முன்பும், தொட்ட பின்பும், கட்டில் கம்பியை மட்டும் பிடித்திருந்தாலும்கூட, ஹேண்ட் ரப்பை விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் படும்படி 20 முதல் 30 விநாடி தேயுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் நல்ல மனத்தோடும் கை கழுவாமல் போகாதீர்கள்.

அறிக்கை வர 2 அல்லது 3 நாள் ஆவதால், அதற்குள் பரவலாக வேலை செய்யும் மருந்தைத் தொடங்கியிருப்பார்கள். முடிவு வந்த பிறகு, கிருமிக்கு ஏற்ற, குறைந்த வகைக் கிருமிகளை மட்டும் தாக்கும் மருந்துக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள்.

வேறு மருத்துவமனைக்கு மாற்ற நேர்ந்தால், ஸ்கேன் படங்களுக்கு முன்பாக இந்த அறிக்கையைக் காட்டுங்கள். நோயாளியை எந்த அறையில், எந்தப் பாதுகாப்போடு வைப்பது என்பதை அவர்கள் வாசலிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.