ஏபிசி நொட்டேஷனில் ஷார்ப், ஃப்ளாட், குறிப்புச் சொல்: எது எங்கே வரும்?

ஏபிசியில் (இசையை ஆங்கில எழுத்துகளாலும் குறிகளாலும் கணினியில் தட்டி எழுதும் முறை) எழுதப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் குழம்புவது இந்த இடத்தில்தான்: ^ என்ற ஒரே குறிக்கு இரண்டு வேலை. ஸ்வரத்துக்கு முன்னால் தனியாக வந்தால் அது ஷார்ப், அதாவது ஸ்வரத்தை அரைப்படி ஏற்றுவது. இரட்டை மேற்கோளுக்குள் முதல் ஆளாக வந்தால் இந்தச் சொல்லை ஸ்வரத்துக்கு மேலே போடு என்று அர்த்தம். அடிக்கோடும் (_) அதே மாதிரிதான், வெளியே ஃப்ளாட் (அரைப்படி இறக்குவது), உள்ளே 'கீழே போடு'.

ஒரு வரியை எழுதிப் பார்ப்போம். ஸ்வரப் பெயரை இங்கே தமிழில் தருகிறேன், கோப்பில் அதற்கான ஆங்கில எழுத்தைத்தான் தட்ட வேண்டும்.

"^மெதுவாக"^எஃப்2 "_இடது கை"_பி ஜி |

முதலில் மேற்கோள், அதை ஒட்டியே ஷார்ப், அதை ஒட்டி ஸ்வரம், கடைசியில் நீளம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஷார்ப்பை முதலில் போட்டுவிட்டு அதற்கும் ஸ்வரத்துக்கும் நடுவே மேற்கோளைச் செருகினால் மென்பொருள் பிழை காட்டலாம், அல்லது ஷார்ப்பே விட்டுப்போகலாம்.

அப்புறம், மேற்கோளுக்குள் இடக்குறி எதுவும் இல்லாமல் வெறும் சொல்லை எழுதினால் ஏபிசி அதைக் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) பெயராகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒலிக்கவிடும்போது அதைக் கார்டாக வாசிக்கப் பார்க்கும், சுருதி மாற்றினால் உங்கள் சொல்லின் முதல் எழுத்தே மாறிப்போகக்கூடும். அதனால் கார்டு அல்லாத எதற்கும் ^, _, <, > இவற்றில் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். < இடப்பக்கம், > வலப்பக்கம். @ போட்டால் இடத்தை மென்பொருளே முடிவு செய்யும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வைக்கும் என்பதால் நான் அதைத் தொடுவதே இல்லை. ஒரே ஸ்வரத்துக்கு மேலே இரண்டு குறிப்பு வேண்டுமென்றால் இரண்டு மேற்கோள்களை அடுத்தடுத்து எழுதினால் போதும், முதலாவது மேல் வரியில் வரும்.

நேச்சுரலுக்கு (ஷார்ப்போ ஃப்ளாட்டோ இல்லாத ஸ்வரம்) சமக்குறி (=), இரட்டை ஷார்ப்புக்கு ^^, இரட்டை ஃப்ளாட்டுக்கு __. ஒரு பாருக்குள் (இரண்டு | கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி) ஒருமுறை போட்ட ஷார்ப் பார் கோடு வரைக்கும் நிற்கும், அதே பாரில் பழைய ஸ்வரம் திரும்ப வேண்டுமென்றால் = போட்டே ஆக வேண்டும். ஜி மேஜர் ஸ்கேலில் எழுதுகிறீர்கள் என்றால் எஃப் ஏற்கெனவே ஷார்ப்தான், அதற்கு மறுபடி ^ போட்டு வரியை நிரப்ப வேண்டாம்.

தமிழ்ச் சொற்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், கோப்பை யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கும் எழுத்துக் குறியாக்கம்) ஆகச் சேமித்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அதுவும் சரி என்றால் குறிப்புச் சொற்களுக்குத் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.